பிளேடு தின்னும் அகலம்

வெள்ளியங்காட்டுப்புதூரில் மனிதர்கள் பிசிறே இல்லாமல் பிரிந்துகொண்டிருந்த அந்த ஏழு மாதத்தில், அண்ணன் தம்பியைப் பிரிந்தான், பங்காளி பங்காளியைப் பிரிந்தான், பெண்டாட்டி புருஷனைப் பிரிந்தாள், கேரம் விளையாடுகிற சிநேகிதர்கள்கூட போர்டின் நடுவில் கோடு போட்டு ஆளுக்கு இரண்டு குழி என்று தூக்கிக்கொண்டு போனார்கள், ஒருத்தரும் அழவில்லை, ஒருத்தரும் இன்னொருத்தரின் செத்துப்போன ஆத்தாவை இழுத்து வைத்துத் திட்டவில்லை, எங்கள் ஊர்க் கேஸ் கட்டுகளில் கரையான் ஏறி வக்கீல்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள், அந்த வெட்டு அத்தனையும் வெட்டியவள் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. கடைசியில் என் அப்பாவையும் அம்மாவையும் நானே வெட்ட வேண்டி வந்ததால் சொல்கிறேன்.

என் பெயர் மௌனிகா. வயது பதினேழே முக்கால். பதினொன்றாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டேன். வேதியியல் என்னைப் புரிந்துகொள்ள முயற்சி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எங்களுக்கு பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு பட்டறை, கலாமணி இன்டீரியர்ஸ். கலாமணி என் அம்மா, பேரம் பேசுவது, பலகை மேல் ஒட்டுகிற மைக்காவுக்குக் கலர் தேர்வது, மரம் வாங்குவது அவர். தெய்வசிகாமணி என் அப்பா, மிச்ச வேலை எல்லாம் அவர். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். தனித்தனியாக.

பட்டறையில் என் வேலை டிராக் சா. ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை, ஒரு வட்ட ரம்பம். அது தன் இஷ்டத்துக்கு ஓடாமல் இருக்கப் பலகை மேல் தண்டவாளம் மாதிரி ஓர் அலுமினியப் பட்டையை வைத்து அதன் மேல் தள்ளுவோம், அதற்குப் பெயர் ரெயில். ரெயிலின் ஓரத்தில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருக்கும். புதிதாக வரும்போது ரப்பர் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், முதல் தடவை ஓடும்போது அந்த நீட்டலை பிளேடே வெட்டித் தள்ளிவிடும். அன்றிலிருந்து ரப்பர் எங்கே முடிகிறதோ அங்கேதான் அந்த பிளேடு வெட்டும், ரப்பர் மைக்காவை அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் பிசிறு வராது. ஆனால் ஒரு ரெயிலுக்கு ஒரு பிளேடுதான். மெல்லிசான பிளேடை மாட்டினால் ரப்பருக்கும் வெட்டுக்கும் நடுவில் சந்து விழுந்து, மைக்கா எலி கடித்த மாதிரி ஆகும். தடித்த பிளேடை மாட்டினால் அது ரப்பரையே இன்னும் கொஞ்சம் தின்றுவிடும், அப்புறம் பழைய பிளேடுக்கு அந்த ரெயில் உதவாது. இவ்வளவுதான் பாடம். வேதியியலைவிட யோக்கியமான பாடம்.

இதை வைத்துத்தான் என் வீட்டில் பத்தொன்பது வருஷச் சண்டை. பிளேடுக்கு ஒரு ரெயில் வேண்டும் என்பார் அப்பா. இருக்கிற ரெயிலில் ஒழுங்காக வெட்டத் தெரியாதவனுக்கு எத்தனை ரெயில் வாங்கிக் கொடுத்து என்ன என்பார் அம்மா. ரெயில் வருவதற்கு முன்னால் இழைப்புளியை வைத்துச் சண்டை போட்டார்களாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவே மனசு இரங்கி வாங்கிய எட்டடி ரெயிலில், நாற்பத்தெட்டுப் பல் வைத்த புது பிளேடை மாட்டி, ரப்பரை முதல் வெட்டு வெட்டினேன். இடி இடிக்கவில்லை, பல்லி சொல்லவில்லை, பக்கத்துக் கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் அந்த ரெயிலுக்கும் அந்த பிளேடுக்கும் மட்டும் அப்படி அமைந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிற ஆட்கள் ஊரில் நிறைய உண்டு, அவர்களிடம் போங்கள்.

மறுநாள் மளிகைக்கடை நாச்சிமுத்துவும் அவர் தம்பி பொன்னுசாமியும் வந்தார்கள். பதினோரு வருஷமாகப் பாகப்பிரிவினைக் கேஸ். எல்லாம் பிரித்தாகிவிட்டது, அவர்கள் அப்பா உட்கார்ந்து வியாபாரம் பார்த்த நீளமான கல்லாப் பலகை மட்டும் பாக்கி. அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நின்றார்கள்.

"நடுவுல வெக்கறயா அம்மிணி, இல்ல அவம்பக்கம் தள்ளி வெக்கறயா?" என்றார் நாச்சிமுத்து.

"சந்தேகமா இருந்தா நீயே நடுவுல படுத்துப் பாத்துக்கண்ணா," என்றார் பொன்னுசாமி.

"ரெண்டு பேரும் கையை எடுங்க. வெரல் போச்சுன்னா அதுக்கும் ஒரு கேஸ் போடுவீங்க," என்று சொல்லிவிட்டுத் தள்ளினேன்.

வெட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. மிஷினை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால், இருவரும் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர் மாதிரி நிற்கிறார்கள்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார் நாச்சிமுத்து.

"இங்கதானுங்க. உங்களுக்கு?"

"நமக்கும் இங்கதானுங்க."

"வெயில் எச்சா இருக்குதுங்க."

"ஆமாங்க, மழை பேஞ்சாத் தேவலீங்க."

ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். அம்மா மைக்காத் துண்டுகளை அடுக்கியபடியே, "பரவால்ல, மரியாதையாப் பேசிக்கறாங்க," என்றார்.

அவர்கள் கடையில் ராக்கி என்று ஒரு நாய். கேஸ் நடந்த பதினோரு வருஷமும் அண்ணன் காலையில் பொறை போடுவார், தம்பி சாயங்காலம் சோறு வைப்பார், அதில் மட்டும் தகராறே வந்ததில்லை. அன்று ராக்கி நாச்சிமுத்துவின் பின்னால் போனது. "யாரு நாயிங்க இது, பின்னாலயே வருது," என்று அவர் கல்லெடுத்தார். திரும்பி ஓடிப் பொன்னுசாமியிடம் போனது. அவரும் அதையே சொன்னார். ராக்கி வந்து ரோட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அப்போதே புரிந்தது, மரவேலை தெரிந்தவர்கள் யாருக்கும் புரியும். பிளேடுக்கும் ஓர் அகலம் உண்டு. இந்த பிளேடுக்கு இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேலே. அந்த அகலத்துக்கு இருந்த மரம் இந்தப் பாதியிலும் சேராது, அந்தப் பாதியிலும் சேராது, தூளாகி உறிஞ்சு மிஷினின் பைக்குள் போய்விடும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது எதுவோ அது தூளோடு போகிறது. சண்டையும் பொதுதான், அதனால் சண்டை போனது. ராக்கியும் பொதுதான்.

ஊர் இதையெல்லாம் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிசயத்தைப் பார்த்து வாயைப் பிளக்க நேரம் கிடையாது, அதற்கு என்ன விழா எடுக்கலாம் என்றுதான் கை பரபரக்கும். கவுன்சிலர் மரகதம் அக்காவின் வீட்டுக்காரர்தான் முன்னால் நின்றார். ஓட்டு வாங்கியது அக்கா, மைக் பிடிப்பது அவர். அந்தக் காலத்தில் சில பக்கம் பஞ்சாயத்தில் துரும்பைக் கிள்ளிப் போட்டுப் பிரிவார்களாம், இது அதன் பிளைவுட் மாடல், ஆகவே நம் பண்பாடுதான் என்று விளக்கம் கொடுத்தார். ராக்கிக்கு நாளுக்கொரு வீடு சோறு வைக்க வேண்டும் என்று முறை போட்டு, அந்தத் தாளைப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினார். பிரச்சனை தீர்ந்தது என்று கைதட்டினார்கள். ராக்கி கைதட்டவில்லை.

அப்புறம் தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்று பூசாரி கண்டுபிடித்தார், பலகைக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்க வேண்டும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள், மைக்காவில் குங்குமம் ஒட்டாது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பட்டறை வாசலில் பந்தல் போட்டார்கள். பிரிகிறவர்களின் படங்களை ஒன்றுக்கொன்று முதுகு காட்டுகிற மாதிரி வைத்து, 'பிசிறின்றிப் பிரியும் நல்லுள்ளங்களை வழியனுப்பி மகிழும் நண்பர்கள் குழு' என்று பிளக்ஸ் கட்டினார்கள், நண்பர்கள் குழுவில் முப்பத்திரண்டு பேர், எல்லாரும் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள். பந்தி இரண்டு வரிசை, இந்த வீட்டுச் சொந்தம் ஒரு வரிசை, அந்த வீட்டுச் சொந்தம் ஒரு வரிசை, நடுவில் சாம்பார் வாளி மட்டும் போய்வரும். போகும்போது கொடுக்கிற பையில் முழுத் தேங்காய் போடக் கூடாது, அரை மூடிதான். போட்டோக்காரர், "கடைசியா ஒரு போஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இன்னுங் கொஞ்சம், ஆ, இன்னும் தள்ளி," என்று சொல்லிச் சொல்லி ஒருத்தரைச் சாக்கடையில் இறக்கிவிட்டார்.

கதவு கொண்டுவந்தார்கள், ஊஞ்சல் பலகை கொண்டுவந்தார்கள், டிவி ஸ்டாண்ட் கொண்டுவந்தார்கள். வேதியியல் டீச்சர் தன் நாத்தனாரோடு ஒரு பீரோக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை வாங்க போங்க என்றார். வேறு யார் தள்ளினாலும் பலகை வெறும் பலகையாகத்தான் பிளந்தது, ரப்பரை முதலில் வெட்டிய கைதான் தள்ள வேண்டும்போல. ஒரு ஊரே உங்கள் கைக்காக வரிசையில் நிற்கும்போது தூள் எங்கே போகிறது என்று உங்களுக்கும் யோசிக்கத் தோன்றாது. எனக்குத் தோன்றியது. இருந்தும் தள்ளினேன்.

பதினான்கு கல்யாணம் முறிந்தபோது அழாத ஊர், சால்னாவுக்காக அழுதது. இஸ்மாயில் பாயும் துரைராசுவும் சேர்ந்து நடத்திய பரோட்டாக் கடையில் இருவருக்கும் ஒத்துவரவில்லை, மாவு வீசுகிற பலகையை வெட்டிக்கொண்டு எதிரும் புதிருமாக இரண்டு கடை போட்டார்கள். அன்று சாயங்காலம் இஸ்மாயில் பாய் ரசம் மாதிரி ஒன்றை ஊற்றினார், துரைராசு சுடுதண்ணி மாதிரி ஒன்றை ஊற்றினார். இருவருக்குமே சால்னா எப்படி வைப்பது என்று ஞாபகம் இல்லை, அது பொதுவாக இருந்தது. ஆம்பளைகள் ரோட்டில் உட்கார்ந்து விசும்பினார்கள். பெரிய காரியத்தில் சின்ன இழப்பு சகஜம் என்றார் கவுன்சிலர் வீட்டுக்காரர். அவர் பரோட்டா சாப்பிட மாட்டார், சர்க்கரை.

எங்கள் பட்டறைத் தூள் மூட்டை கட்டி ரோட்டோரக் கோழிப்பண்ணைக்குப் போகும், தரையில் பரப்பிவிடுவார்கள். அந்தக் கோழிகள் உயிரோடு இருக்கும்போதே சால்னா வாசம் அடித்தன. ஒரு சேவல் யாரைக் கண்டாலும் ஓடிவந்து வாலை ஆட்டியது. பண்ணைக்காரர் எதையும் விசாரிக்கவில்லை, 'மசாலா தடவாத மசாலாக் கோழி' என்று போர்டு வைத்தார்.

ஐந்தாவது மாதம், தறி ஓட்டுகிற ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஊஞ்சல் பலகை கொண்டுவந்தார்கள். கூடவே அவர்கள் மகள் ஹரிணி, மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியபடி. பள்ளிக்கு நேரமாச்சு, சீக்கிரம் வெட்டு என்று அந்த அம்மாவே சொன்னது. வெட்டினேன். அந்த அம்மா மேற்கே போனது. அந்த ஆள் கிழக்கே போனார். ஹரிணி பையோடு நின்றாள். ஐந்து நிமிடம் நின்றாள், பத்து நிமிடம் நின்றாள், யாராவது ஒருத்தர் திரும்பி வந்து, அட மறந்தே போயிட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று நானும் நின்றேன்.

"அக்கா, தூள் எங்க போட்டீங்க?" என்றாள்.

அன்று மதியமே கவுன்சிலர் வீட்டுக்காரர் ராக்கியின் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டிவிட்டார். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. ஊருக்கே பொதுப்பிள்ளை என்று மேடை போட்டுப் பேசி ஹரிணிக்குச் சால்வை போர்த்தினார்கள், அது தரையில் இழுபட்டது. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. புதன்கிழமை வீட்டில் முட்டைகூட வைத்தார்களாம். இவள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தாங்க்ஸ் சொல்லிவிட்டு வருவாள்.

அதற்கப்புறமும் இரண்டு மாதம் வெட்டினேன். எழுதும்போது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையில் என் வீட்டில் சண்டை நின்றுவிட்டது. ஆர்டர் அதிகம், நேரமில்லை என்று முதலில் நினைத்தேன். இல்லை. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார், அம்மா "குழம்புல உப்பு இருக்குதா?" என்று கேட்டார், அவர் "இருக்குதுங்க," என்றார். என் அப்பா என் அம்மாவை 'ங்க' போட்டுப் பேசியதைப் பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அம்மா தோசை ஊற்றியபடியே சொன்னார். "மௌனி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு கட்டில் இருக்குது. வேற வேலை வெச்சுக்காத."

"யாருது?"

"நம்முளுது."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நானு?" என்றேன்.

"உனக்கென்ன, நீயென்ன பலகையா?" என்றார் அப்பா.

"ஹரிணி மட்டும் பலகையா?"

"அவ சின்னப் புள்ள, மறந்துட்டாங்க. நீ பெரியவ. இத்தாப்பெரிய ஆளை யாராச்சும் மறப்பாங்களா?" என்றார் அம்மா. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அப்படியே மறந்தாலும் நீ ஞாபகப்படுத்த மாட்டயா? வாய்தான் இருக்குதல்லோ உனக்கு," என்றார்.

"நீங்க சண்டை போட்டுட்டே இருந்தா என்னவாமா?"

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "முடியலயம்மிணி," என்றார். "பத்தொம்பது வருசம். காலைல கண்ணு முழிக்கறப்பவே களைப்பா இருக்குது. உங்கம்மாளுக்கும் அப்படித்தான். ஊர்ல எல்லாரும் நல்லபடியாப் போறாங்க, நாங்களும் போறோம்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். நேராகக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். இதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் போனேன். அவர் மேஜையில் மூன்றாவது தாள் தயாராக இருந்தது, மேலே என் பெயர்.

"வருத்தப்படாத கண்ணு, எல்லாம் பேசியாச்சு," என்றார். "வியாழக்கிழமை எங்க வூடு. வியாழக்கிழமை நாங்க கறி எடுக்கறதில்ல, அதுக்குக் கோவிச்சுக்காத."

"எனக்குப் பதினெட்டு ஆகப்போகுதுங்க. நானே சமைச்சுக்குவேன்."

"அப்பறமென்ன பிரச்சனை?"

என்ன பிரச்சனை என்று அந்த ஆளுக்கு எப்படிச் சொல்வது? நான் ரோட்டில் எதிரே வரும்போது என் அம்மா என்னைப் பார்த்து, வெயில் எச்சா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போவார் என்பதுதான் பிரச்சனை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பட்டறையில் பிளேடு வைக்கிற இழுப்பறையின் அடியில் பழைய பன்னிரண்டு பல் பிளேடு ஒன்று கிடந்தது. பச்சை மரம் பிளக்க வாங்கியது, மூன்று மில்லி தடிமன், அதைக் கொண்டு மைக்காவை வெட்டுகிறவனை அப்பா பட்டறைக்குள் விடமாட்டார். வெள்ளிக்கிழமை காலை, பந்தலில் வாழைமரம் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நாற்பத்தெட்டுப் பல்லைக் கழற்றி அதை மாட்டினேன். ஒன்றரை நிமிட வேலை. தூள் கொஞ்சம் கூடத்தான் போகும், ஆனால் பிசிறு விழுந்தால் பொதுவாக இருந்ததில் கொஞ்சமாவது இரண்டு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. அவர்களுக்கு வேண்டியது நிம்மதி, எனக்கு வேண்டியது அவர்கள். இதில் எது நியாயம் என்று அலசி ஆராய்ந்துதான் செய்தேன் என்றால் அது பொய். ஒன்றையும் ஆராயவில்லை.

பத்து மணிக்கு ஊரே கூடியது. பந்தலின் நடுவில் எங்கள் கட்டில் பலகை, ஆறடி அகலம், ரோஸ்வுட் கலர் மைக்கா. அப்பா ஒரு பக்கம் டேப்பைப் பிடித்தார், அம்மா மறு பக்கம் பிடித்தார், "மூணடி," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் ஓர் அளவில் முதல் தடவையிலேயே ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடு ஆறு வயது வரைக்கும் நான் படுத்திருந்த இடத்தில் போனது, இந்தப் பக்கம் ஒருத்தர் முதுகு, அந்தப் பக்கம் ஒருத்தர் முதுகு, நடுவில் நான் கால் ஒருத்தர் மேலும் கை ஒருத்தர் மேலும் போட்டுக்கொண்டு. அந்த இடம் முழுக்கத் தூளாகப் போகிறது. ரெயிலைக் கோட்டில் வைத்தேன்.

மிஷினை ஓடவிட்டு இறக்கினேன். நாற்பத்தெட்டுப் பல் 'ஙீ' என்று பாடும். இது கரகரவென்று, கரும்பு மிஷினுக்குள் தகரத்தை விட்ட மாதிரி கத்தியது. கறுப்பு ரப்பர் நூல் நூலாகப் பறந்தது.

"என்னது சத்தம் வேற மாதிரி வருது?" என்றார் அம்மா. "நிறுத்துடி."

நான் அப்பாவைப் பார்த்தேன். அடுத்த தெருவில் யார் எந்த பிளேடில் எந்த மரத்தை வெட்டுகிறார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடுகிற மனிதர் அவர். பலகையைப் பார்த்தார். பறக்கிற ரப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பழைய பலகை. அப்படித்தான் கத்தும்," என்றார். "நீ தள்ளு அம்மிணி."

தள்ளினேன்.

மிஷினை நிறுத்தினேன். வெட்டின் இரண்டு ஓரமும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது, மைக்கா செதில் செதிலாகப் பெயர்ந்து, பிளைவுட் நார் நாராகத் துருத்திக்கொண்டு. அம்மா வெட்டு ஓரத்தில் கையை வைத்துத் தடவினார். "ஆ!" என்று கையை உதறினார், விரலில் அரை அங்குலத்துக்கு மரச் சிலாம்பு ஏறியிருந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். உங்களுக்கு எந்த ஊருங்க என்று கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உங்க பொண்ணுக்கு ஒரு வெட்டு ஒழுங்கா வெட்டத் தெரியுதா?" என்றார் அம்மா.

"எம்பொண்ணா? வாயில மட்டும் வேலை செய்யற பழக்கம் யாரு கொடுத்தது, எங்காத்தாளா?"

"படிக்கற புள்ளையப் படிக்க வெக்காம பட்டறையில உட்டது நீங்க!"

"பரீட்சைல முட்டை வாங்கிட்டு வந்தவளுக்குப் பூரி சுட்டுப் போட்டு சமாதானம் பண்ணுனது நீ!"

இப்படியே மதியம் ஒன்றரை மணி வரை. என் டைபாய்டுக்கு யார் ஆஸ்பத்திரியில் கூடப் படுத்தது, என் காதுகுத்துக்கு யார் லேட்டாக வந்தது, எனக்கு மௌனிகா என்று பெயர் வைத்த முட்டாள் யார். பந்தியில் சாம்பார் ஆறியது. கூட்டம் முகம் சுளித்துக்கொண்டு கலைந்தது, ஒரு கௌரவமான விழாவை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று. நண்பர்கள் குழு கூலிங் கிளாஸைக் கழற்றியது. நான் மிஷின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு திட்டிலும் ஒரு வார்த்தைகூட எனக்கு விட்டுப்போகவில்லை.

ஹரிணி கிட்டே வந்தாள், அன்று அவளுக்கு வெள்ளிக்கிழமை வீடு. வெட்டு ஓரத்தைக் குனிந்து பார்த்தாள், ஒரு செதிலைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க ஊஞ்சலையும் இப்படி வெட்டியிருக்கலாமில்லக்கா," என்றாள்.

அவள் விரலில் ஏறிவிடப்போகிறது என்று அந்தச் செதிலைப் பிடுங்கிப் போட்டேன்.

அந்த ரெயில் அன்றோடு முடிந்தது. நாற்பத்தெட்டுப் பல்லை மறுபடி மாட்டினால் ரப்பருக்கும் வெட்டுக்கும் நடுவில் சந்து, புது ரப்பர் ஒட்டி வெட்டினாலும் நல்ல வெட்டு விழுகிறது, அவ்வளவுதான், பலகை மட்டும் பிரிகிறது. கவுன்சிலர் வீட்டுக்காரர் என்னைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார். தேதி குறித்து வைத்திருந்த ஆறு ஜோடிகள் என்னைச் சபித்தார்கள், அதில் நாலு ஜோடி எல்லா ஊரிலும் பிரிகிற மாதிரி பாத்திரத்தை வீசிப் பிரிந்தார்கள். இரண்டு ஜோடி பாத்திரத்தை வீசிக்கொண்டே சேர்ந்திருக்கிறார்கள். வக்கீல்கள் திரும்பி வந்தார்கள். சால்னா வரவில்லை.

ஹரிணியின் அப்பா அம்மாவுக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பண்ணையிலிருந்து ஒரு மூட்டைத் தூளைத் திருப்பி வாங்கி வந்து அவர்கள் இருவர் வாசலிலும் கொட்டிப் பார்த்தேன், கூட்டித் தள்ளிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். எந்த வீட்டுக்கு என்பதில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாராவாரம் தகராறு.

ஆமாம், அவர்களும் பிரிந்துதான் விட்டார்கள். கதை என்றால் சேர்த்து வைத்திருப்பேன். அம்மா பட்டறைக்கு மேலே மாடியில், அப்பா நாலு தெரு தள்ளி. ஆளுக்குக் கட்டிலில் பாதி, மூன்றடி மூன்றடி. நான் இங்கே நாலு நாள், அங்கே மூன்று நாள். வெட்டின ஓரத்தை இழைத்துத் தரட்டுமா என்று கேட்டேன், இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள், ஏன் என்று சொல்லவில்லை. புரண்டு படுத்தால் கையில் சிலாம்பு ஏறும். போன வாரம் அம்மா ஊக்கை நெருப்பில் காட்டி, என் முழங்கையைத் தன் மடியில் போட்டுத் தோண்டிக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் வைத்து அப்பாவைப் பிடித்தார். "உங்க வூட்டுக் கட்டில்ல படுத்து வந்ததுதான் இது. புள்ளைக்கு ஒரு பெட்ஷீட் விரிக்கத் தெரியாதா?"

"அது உம்பாதியில ஏறுன சிலாம்பு. எம்பாதி மைக்கா அப்படிப் பேராது."

"எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன், செவப்பா இருக்குது."

"ரெண்டு பாதியும் ஒரே பலகைதான்டி, செவப்பாத்தான் இருக்கும்!"

முக்கால் மணி நேரம். சிலாம்பு வந்து ரொம்ப நேரம் ஆகியும் அம்மா என் கையை விடவில்லை.

தோள்பட்டைக்குக் கீழே இன்னொரு சிலாம்பு இருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வைத்திருக்கிறேன்.